கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்?

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும் உள்ளே போவது கணையத்துக்குத் தெரியாது. அது இருக்கும் இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுக்கே கிடக்கிறது. சாப்பாடு அதன் வழியாகப் போவதில்லை. புளியோ எண்ணெயோ அதைத் தொடுவதும் இல்லை. ஆனாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீரை, நேரம் பார்த்து, வந்த சாப்பாட்டுக்குத் தக்க கலவையில், முன்சிறுகுடலுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லாம் பிறர் சொல் கேட்டுத்தான்.

மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவன் நான். இந்தப் பகுதியை ஒவ்வொரு வருடமும் நடத்தும்போது ஒரு எரிச்சல் வரும். பிள்ளைகள் இதை அட்டவணையாகத்தான் படிக்கிறார்கள். ஹார்மோன் பெயர், சுரக்கும் இடம், வேலை என்று மூன்று பத்திகள். செக்ரிடினுக்கு ஒரு வரி, கோலிசிஸ்டோகைனினுக்கு ஒரு வரி. நரம்பு மண்டலம் எங்கோ வேறொரு பாடத்தில் இருக்கும். மதிப்பெண்ணுக்கு அது போதும், குறை சொல்லவில்லை. ஆனால் நரம்பும் ஹார்மோனும் இந்த விஷயத்தில் தனித்தனியாக வேலை செய்வதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் சொல் மூளையிலிருந்து வருகிறது. சட்டியில் சாளை கொதிக்கும் மணம் மூக்கில் ஏறியதும், வாயில் ஒரு கவளம் வைத்து மென்றதும், மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி கீழே இறங்கும். அந்த நரம்பின் கடைசிக் கண்ணிகள் கணையத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிப்படும், நரம்பு பேசுவது அதை வைத்துத்தான். சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளைத் தயாரிக்கும் செல்களின் மேல் அது போய் ஒட்டியதும், செல்லுக்குள் கால்சியம் அலையாக எழும்பும். ஏற்கெனவே நொதியை அடைத்து வைத்திருக்கும் துகள்கள் விளிம்புக்கு வந்து உடைந்து கொட்டும். சாப்பாடு இன்னும் தொண்டையைத் தாண்டியிருக்காது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கணையம் சுரப்பதில் கால்பங்கு வரை இப்படிச் சாப்பாட்டைக் காணாமலேயே நடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அப்புறம் இரைப்பை விரிவதாலும் இதே நரம்பு வழியாகக் கொஞ்சம் சுரக்கும். அது சின்னப் பங்குதான்.

இந்த நரம்பு வழியைக் கண்டு காட்டியவர் ருஷ்யாவின் இவான் பாவ்லோவ். மணியோசைக்கு எச்சில் ஊறிய நாயைத்தான் நமக்கெல்லாம் தெரியும். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அல்ல, செரிமானத்தின் உடலியங்கியலுக்காக. வேகஸ் நரம்பைத் தூண்டினால் கணைய நீர் வரும் என்று காட்டியது அவருடைய ஆய்வுக்கூடம். முன்சிறுகுடலில் அமிலத்தை விட்டால் கணைய நீர் பெருகும் என்று 1894இல் கண்டுபிடித்ததும் அவரிடம் வேலை செய்த டோலின்ஸ்கி என்பவர்தான். ஆனால் அதையும் நரம்பின் வேலையாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உடம்புக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செய்தி போக நரம்பைத் தவிர வேறு வழி இருக்கும் என்று அன்றைக்குப் பெரும்பாலோர் நினைக்கவில்லை.

அந்த நம்பிக்கை 1902 ஜனவரி 16 மதியம் உடைந்தது. இடம், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். ஆட்கள், வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங். ஸ்டார்லிங்கின் அக்காளோ தங்கையோ, உடன்பிறந்தவளைக் கட்டியவர் பேலிஸ். நம் ஊர்க் கணக்கில் அத்தானும் மச்சினனும் சேர்ந்து செய்த வேலை. மயக்க மருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, அதற்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டினார்கள். ரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் துண்டுக்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டார்கள். நரம்புதான் காரணம் என்றால் ஒன்றும் நடக்கக் கூடாது. கணையம் சுரந்தது.

அங்கே நின்று யோசிக்காமல் அடுத்ததையும் உடனே செய்தார் ஸ்டார்லிங். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்னும் ஒரு சுறுசுறுப்பு வரும். குடலின் உள்தோலைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, வந்த சாற்றை நாயின் கழுத்து ரத்தக் குழாயில் ஏற்றினார். சற்று நேரத்தில் கணைய நீர் முன்பைவிட வேகமாகச் சொட்ட ஆரம்பித்தது. குடல் தன் சொல்லை ரத்தத்தில் கரைத்து அனுப்புகிறது என்பது ஒரே மதியத்தில் தெளிவாகிவிட்டது. அந்தப் பொருளுக்குச் செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் மேடையில் சொன்னது 1905இல். அதாவது தைராக்சினும் இன்சுலினும் அட்ரினலினும் இன்று உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய வீட்டுக்கு வாசல் திறந்தது கணைய நீர்தான்.

செய்தி பாவ்லோவின் காதுக்குப் போயிற்று. தன் கூடத்திலேயே சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். கணையம் சுரப்பதைக் கண்டதும் பேசாமல் அறைக்குள் போனாராம். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொல்வதுதான் சரி, உண்மையைக் கண்டுபிடிக்கும் உரிமையை நாம் மட்டுமா எழுதி வாங்கி வைத்திருக்கிறோம் என்கிற மாதிரிச் சொன்னார் என்று அவரிடம் வேலை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய மனுசன்.

சரி, செக்ரிடின் என்ன சொல்கிறது? இரைப்பையிலிருந்து அமிலத்தோடு கலந்த கூழ் முன்சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அங்கே பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5க்குக் கீழே போனால் குடல் சுவரில் உள்ள எஸ் செல்கள் செக்ரிடினை ரத்தத்தில் விடும். அது கணையத்தின் நாளச் செல்களுக்கு, அதாவது கணைய நீர் ஓடும் குழாய்களின் சுவரில் உள்ள செல்களுக்குப் போய்ச் சேரும். நொதிச் செல்கள் வேறு, நாளச் செல்கள் வேறு. நாளச் செல்களின் வேலை தண்ணீரும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் விடுவது. நம் ரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கிறது. செக்ரிடின் முழு வேகத்தில் தூண்டும்போது கணைய நீரில் அது 140 வரை ஏறும். அமிலம் அங்கேயே முறிந்துவிடும். இது குடலைக் காப்பதற்கு மட்டுமல்ல. கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் நொதி அமிலத்தில் பிழைக்காது. பிஎச் 4க்குக் கீழே போனால் திரும்பிச் சரியாகாத அளவுக்குக் கெட்டுவிடும். ஆகவே பைகார்பனேட் குறைந்தால், நொதி போதுமான அளவு வந்தாலும் பிரயோஜனம் இல்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அமிலத்துக்குச் செக்ரிடின் என்றால் கொழுப்புக்கும் புரதத்துக்கும் கோலிசிஸ்டோகைனின். நீளமான பெயர், சி.சி.கே. என்றே சொல்வோம். இதற்கு ஒரு குழப்பமான வரலாறு உண்டு. 1928இல் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் ஒரு ஹார்மோன் என்று இருவர் கண்டுபிடித்தார்கள். 1943இல் கணையத்தை நொதி சுரக்கச் செய்யும் ஒரு ஹார்மோன் என்று வேறு ஆட்கள் கண்டுபிடித்து வேறு பெயர் வைத்தார்கள். 1960களில் ஸ்வீடனில் ஜோர்பஸ், மட் என்ற இருவர் பன்றிக் குடலிலிருந்து சுத்தமாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. ஒரே பொருள் பித்தப்பையைப் பிழிகிறது, பித்தமும் கணைய நீரும் வந்து விழும் வாயைத் திறக்கிறது, கணையத்திலிருந்து நொதியை வரவழைக்கிறது, இரைப்பையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறது, மூளைக்குப் ‘போதும்’ என்றும் சொல்லிவிடுகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாப்பாட்டில் இதை வைத்துப் பார்த்தால் சுவாரசியம். வெறும் மரச்சீனியும் கட்டன் சாயாவும் என்றால் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. அது சி.சி.கே.யைப் பெரிதாகத் தூண்டாது. கூடவே சாளைக் கறி வந்தால் கதை மாறும். மீனின் புரதம் துண்டாகி வரும் பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும், மீன் நெய்யும், தேங்காய் அரைப்பின் கொழுப்பும் சேர்ந்து குடல் சுவரின் ஐ செல்களைத் தட்டும். கொழுப்பு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அது முதலில் கொழுப்பு அமிலமாக உடைய வேண்டும். அந்த அமிலத்தின் சங்கிலியில் 12 கார்பனாவது இருக்க வேண்டும். மனிதர்களிடம் செய்த சோதனையில் 11 கார்பன் சங்கிலிக்குச் சி.சி.கே. அசையவில்லை, 12க்கு ஏறியது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். லாரிக் அமிலத்துக்குச் சரியாக 12 கார்பன். குடலின் வாசற்படியில் நிற்கிற எண்ணெயைத்தான் நாம் தாளிக்கவும் தலைக்குத் தேய்க்கவும் வைத்திருக்கிறோம்.

இனி அட்டவணை மறைக்கிற விஷயம். சி.சி.கே. ரத்தத்தில் ஏறி, கணையத்தை அடைந்து, நொதிச் செல்லைத் தூண்டுகிறது என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். எலியில் அது பெருமளவு சரி. மனிதனிடம் சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் இருக்கும் சி.சி.கே.யின் அளவு மிகக் குறைவு. அந்த அளவைச் செலுத்திவிட்டு, கூடவே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தால், நொதிச் சுரப்பு பெருமளவு படுத்துவிடுகிறது. ஹார்மோன் நேரே செல்லைத் தட்டுகிறது என்றால், நரம்பின் வாயை அடைப்பதால் ஏன் இப்படி ஆக வேண்டும்? காரணம், சி.சி.கே. முதலில் போய்ச் சொல்வது குடல் சுவரில் பக்கத்திலேயே இருக்கும் வேகஸ் நரம்பின் உணர்வு முனைகளிடம். செய்தி அங்கிருந்து முகுளத்துக்கு ஏறும், அங்கிருந்து வேகஸ் வழியாகவே கணையத்துக்கு இறங்கும், கடைசியில் செல்லைத் தட்டுவது அசிட்டைல்கோலின். ஹார்மோன் பாதி வழி, நரம்பு மீதி வழி. மனிதக் கணையச் செல் சி.சி.கே.க்கு நேராகவும் பதில் சொல்லுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2001இல் இல்லை என்றார்கள், 2008இல் சொல்லும் என்று காட்டினார்கள்.

ஆக பாவ்லோவும் சரி, லண்டன் மச்சினன்மாரும் சரி. செக்ரிடினிலும் இதே கதைதான். சாதாரணச் சாப்பாட்டுக்குப் பின் அது ரத்தத்தில் கொஞ்சம்தான் ஏறுகிறது. அந்தக் கொஞ்சத்தால் மட்டும் அவ்வளவு பைகார்பனேட் வராது. அசிட்டைல்கோலினும் சி.சி.கே.யும் கூட நின்றால் வரும், தனித்தனியாகக் கூட்டினால் கிடைப்பதைவிட அதிகமாகவே வரும். செல்லுக்குள்ளே இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதுதான் காரணம். அசிட்டைல்கோலின் கால்சியத்தை எழுப்புகிறது, செக்ரிடின் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைக் கூட்டுகிறது. இரண்டும் உள்ளே சந்தித்து ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

சுரக்கச் சொல்வதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் கணையத்தில் உடம்பு அதிகக் கவனம் எடுத்திருப்பது அடக்கி வைப்பதில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இறைச்சியைக் கரைக்கும் நொதிகள் இருக்கும் இடமே இறைச்சிதானே. அதனால் புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதி அங்கே டிரிப்சினாக இருப்பதில்லை. டிரிப்சினோஜனாக, உறைபோட்ட வெட்டுகத்தியாக இருக்கிறது. குடலுக்குள் வந்த பிறகு, குடல் சுவரில் இருக்கும் என்டெரோகைனேஸ் என்ற நொதி உறையைக் கழற்றும். பாவ்லோவின் கூடம் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் அது. தப்பித் தவறிக் கணையத்துக்குள்ளேயே கொஞ்சம் கழன்றால், பிடித்து அமுக்க ஒரு தடுப்புப் புரதமும் அங்கேயே தயாராகிறது. அதற்கான மரபணுவின் பெயர் ஸ்பிங்க்1.

இங்கேதான் நம் மண்ணின் கதை வருகிறது. நம் மாவட்டமும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரில் சிறு வயதிலேயே தீராத வயிற்றுவலி, பருவம் வரும்போது சர்க்கரை, நாளங்களில் பெரிய பெரிய கல் என்று ஒரு கணைய நோய் இருந்தது. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960களில் இதை ஏராளமான நோயாளிகளிடம் கண்டு பதிவு செய்தார். அவர்களில் பலர் ஏழைகள், மரச்சீனி தின்றவர்கள். கிழங்கில் லினமாரின் என்று ஒன்று உண்டு, அதிலிருந்து சயனைடு வரும். நாம் கிழங்கை வேகவைத்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுவதே அதற்காகத்தான். அந்தச் சயனைடுதான் கணையத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கருத்து பலமாக இருந்தது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பஞ்சத்துக்கு உதவட்டும் என்று 1880களில் பரப்பிய கிழங்கு, 1942இல் பர்மா அரிசி நின்றபோது ஊரைக் காப்பாற்றிய கிழங்கு, கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றது. மரச்சீனி தின்னாத ஊர்களிலும் இதே நோய் இருந்ததால் அந்த வழக்கு நிற்கவில்லை. 2000க்குப் பிறகு இந்திய நோயாளிகளில் கணிசமானவர்களிடம் ஸ்பிங்க்1 மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அதுவும் முழுக் காரணம் இல்லை, அந்த மாற்றம் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. ஆனாலும் அடக்கி வைக்கும் பக்கத்தில்தான் கோளாறு என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

என் சித்தப்பா ஒருவருக்கு நாள்பட்ட கணைய அழற்சி. மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறார். கள்ளும் சாராயமும் தொடாத மனுசன். உடம்பு இளைத்துக்கொண்டே போயிற்று. மலம் மிதக்கும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது, மேலே எண்ணெய்ப் படலம் தெரியும் என்று சித்திதான் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னாள். லைப்பேஸ் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் கொழுப்பு இப்படி வெளியேறத் தொடங்கும். அவ்வளவு இருப்பு வைத்துக்கொண்டு வேலை செய்யும் உறுப்பு இது. தெரிய வரும்போது பெரும்பகுதி போயிருக்கும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தார்கள், மிகக் குறைவு. பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதி கேப்ஸ்யூலை எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்துக் கடையில் கவரின் மேல் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதிவிட்டார்கள். எல்லா மாத்திரைக்கும் எழுதுகிற பழக்கத்தில் எழுதியதுதான். சித்தப்பாவும் சோறு தின்று, கை கழுவி, திண்ணையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போடுவார். எடை ஏறவே இல்லை. ஒரு நாள் நான் போயிருந்தபோது ஒரு கேப்ஸ்யூலைத் திறந்து தாளில் கொட்டிக் காட்டினேன். கேழ்வரகு மாதிரிப் பழுப்பு மணிகள். ஒவ்வொரு மணிக்கும் அமிலத்தில் கரையாத ஒரு மேல்பூச்சு. குடலில் பிஎச் 5.5ஐத் தாண்டினால்தான் உடையும். மேலே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியம் இதற்காகத்தான், லைப்பேஸ் அமிலத்தில் பிழைக்காது. சாப்பாடு போகும்போதே இந்த மணிகளும் கலந்து போக வேண்டும். கணையம் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தது, மணம் வந்த நேரத்திலிருந்து கடைசிக் கூழ் இறங்கும்வரை.

“அப்ப இது மருந்தா, சோத்துக்குக் கூட்டானா மக்கா?” என்றார்.

“கூட்டான்னே வச்சுக்கிடுங்க சித்தப்பா. முதல் உருண்டையோட ஒண்ணு, பாதிச் சாப்பாட்டுல ஒண்ணு.”

அவருடைய மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்த்தார். பைகார்பனேட் குறைந்த கணையத்துக்கு அமிலத்தைக் குறைத்துக் கொடுப்பது ஒரு சுற்றுவழி. இந்த நொதிகள் வலியையும் குறைக்குமா என்று வெகுநாளாக ஒரு விவாதம் உண்டு. குடலில் டிரிப்சின் போதுமான அளவு சும்மா இருந்தால், சி.சி.கே.யை வரவழைக்கும் ஒரு பெப்டைடை அது தின்றுவிடும், கணையத்துக்கு ஓய்வு கிடைக்கும் என்பது கணக்கு. 1970களில் எலிகளில் தெளிவாகக் காட்டிய விஷயம் இது. பச்சை சோயாபீன்ஸ் தின்ற எலிகளுக்கு டிரிப்சின் முடங்கி, சி.சி.கே. ஏறி, கணையமே பெருத்துவிடும். மனிதர்களிடம் வலிக்கு நடத்திய சோதனைகளின் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு வலி பெரிதாகக் குறையவில்லை. எடை ஏறியது, சித்தி அந்தப் பேச்சை எடுப்பதும் நின்றது.

நிறுத்தச் சொல்லும் ஆட்களைப் பற்றி இரண்டு வரி. கொழுப்பு செரிக்காமல் சிறுகுடலின் கடைசிவரை வந்துவிட்டால் அங்கிருந்து பெப்டைடு ஒய்ஒய் என்ற ஹார்மோன் கிளம்பும். மேலே எல்லாவற்றையும் மெதுவாக்கும், கணையத்தையும் சேர்த்து. சோமட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் எல்லாச் சுரப்பையும் அமுக்கும். பசியோடு கிடக்கும்போதும் கணையம் அடியோடு தூங்குவதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போல, குடல் தன்னைத் துடைத்துக்கொள்ளும் அலையோடு சேர்ந்து கொஞ்சம் சுரந்து அடங்கும்.

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பருப்பு, நெய், பப்படம், சாம்பார் எல்லாம் போய் அடைப் பிரதமன் பாயசம் வந்தது. சித்தப்பா சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, “ரெண்டு கூட முழுங்கினா இதக் குடிக்கலாமுல்லா?” என்று கேட்டார். பிரதமனில் இருக்கும் தேங்காய்ப்பாலுக்கு அந்தக் கேப்ஸ்யூல் போதும். சர்க்கரைப் பாகுக்கு அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் இன்சுலின் அந்த மணிகளில் இல்லை. அது கணையத்தின் வேறு செல்களின் வேலை, அந்தச் செல்களும் அவருக்குப் பாதி போய்விட்டன. அதற்கு ஊசி தனியாகப் போடுகிறார். இதையெல்லாம் பந்தியில் விளக்க முடியுமா? அரைக் கரண்டி மட்டும் விடச் சொன்னேன். விளம்ப வந்த பையன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஒரு முழுக் கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.